வாரக் கறியும் வீட்டின் நலனும்

உழைத்து உண்பார் வீடுகளில் இறைச்சி நாள்தோறும் வேகும் பண்டம் அன்று. ஞாயிற்றுக்கிழமையிலோ, கூலி கைக்கு வந்த நாளிலோ, உறவினர் வந்த வேளையிலோ அரைக் கிலோ ஆட்டுக்கறி அல்லது ஒரு கோழி வாங்குகிறோம். விலை இறங்கிய நாளில் மீன் வாங்குகிறோம். தறியில் நாடா எத்தனையோ ஆயிரம் முறை ஓடிய பிறகும், வயலில் முதுகு வளையக் களை பறித்த பிறகும் சேர்ந்த பணம் அது. அப்பணத்துக்கு வாங்கிய பொருள் நம் உடலில் முழுமையாகச் சேரவேண்டும் அன்றோ? சந்தையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், அடுப்பங்கரையில் ஆகும் நஷ்டத்தை மட்டும் கணக்கில் எழுதுவதில்லை. அந்தக் கணக்கை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் உறுப்பினர்களில் புலால் உண்ணாத குடும்பத்தினர் பலர் உள்ளனர். அவர்களை மாற்ற நாம் எழுதவில்லை. உண்போர், உண்பதை நல்ல முறையில் சமைத்து உண்ண வேண்டும் என்பதே நம் கருத்து.

இறைச்சியால் பெறுவது யாது?

உடலின் தசைகளை வளர்ப்பதும், தேய்ந்தவற்றைப் புதுப்பிப்பதும் புரதம். வளர்ந்தவர் ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2020இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம் என்றாகிறது. எலும்பு நீக்கிய கோழிக்கறியோ, ஆட்டுக்கறியோ, மீனோ 100 கிராம் உண்டால் அதில் சுமார் 20 கிராம் கிட்டிவிடும். எஞ்சியது அரிசியிலும் பருப்பிலும் பாலிலும் வரும்.

இரண்டாவதாகக் கிடைப்பது இரும்புச்சத்து. கீரையிலும் தானியத்திலும் இரும்பு உண்டு. எனினும் அதில் சிறு பங்கே உடலில் சேர்கிறது. இறைச்சியிலுள்ள இரும்பு எளிதாகச் சேர்கிறது. அதனினும் வியப்பானது, இறைச்சியும் மீனும் உடன் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும் என்பது. ஆகவே அரைக் கிலோ கறியுடன் ஒரு கட்டு முருங்கைக் கீரையைப் பொரியலாக்கி வைக்கும் வீட்டார் இரட்டை லாபம் பெறுகின்றனர். மூன்றாவது, இரத்தம் ஊறவும் நரம்புகள் இயங்கவும் வேண்டிய பி12 என்னும் வைட்டமின். தாவர உணவுகளில் இது இயல்பாகக் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே கிடைக்கிறது.

இத்தனை நன்மைகளும் கறியில் இருக்க, அதைக் கெடுக்கும் வழிகள் நான்கு. அளவுக்கு மீறிய எண்ணெய், அளவுக்கு மீறிய உப்பு, கருகும்வரை சுடுதல், வேகாமலும் மூடாமலும் விட்டுக் கிருமிக்கு இடம் தருதல் ஆகியவை அவை. தறிமேடையில் உட்கார்ந்து நெடுநேரம் பணியாற்றும் நெசவாளிக்கு முதல் இரண்டும் பெரும் பகை. கை கால்கள் இயங்கினாலும், நடை குறைந்த தொழில் நம்முடையது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம் மிகுதி என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு 2023இல் தெரிவித்தது. மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அடுப்பிலேயே மிச்சம் பிடிக்கலாம்.

ஆட்டுக்கறி

கறி வாங்கும்போதே நலம் தொடங்குகிறது. கொழுப்பு வெள்ளையாகத் தொங்கும் துண்டங்களைக் குறைத்து, தொடைக்கறியும் எலும்புமாகக் கேட்டு வாங்குக. வீட்டில் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை நீக்கிவிடுக. ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். ஆட்டுக் கொழுப்பில் இரத்தக் கொழுப்பை உயர்த்தும் வகையே மிகுதி.

ஆட்டுக்கறிக்கு ஏற்றது நீரிட்டு வேகவைக்கும் முறை. பிரஷர் குக்கரில் நீராவியின் அழுத்தத்தால் வெப்பம் சுமார் 120 டிகிரி வரை உயர்வதால், முற்றிய கறியும் விரைவில் மென்மையாகிறது. விறகும் எரிவாயுவும் மிஞ்சுகின்றன. வெந்த நீரில் சத்துக்களில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். ஆதலின் அந்நீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்க்க வேண்டும்.

அரைக் கிலோ கறிக்கு எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி என்பதை நினைவில் வைத்தால் கை தானாகவே நிதானிக்கும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லி ஆகியவற்றை வறுத்து அரைத்துச் சேர்த்தால் குழம்பு கெட்டியாகும். எண்ணெய் மிதந்தால்தான் ருசி என்பது பழக்கமேயன்றி வேறில்லை. தேங்காயை அரைமூடிக்குப் பதில் கால்மூடியாக்கி, குறைந்த இடத்துக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை அரைத்து விடலாம். குழம்பை முதல் நாளே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க முடிந்தவர்கள், மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை ஏடு போல எடுத்துவிடலாம்.

ஈரலும், சுவரொட்டி எனப்படும் மண்ணீரலும் இரும்பு நிறைந்தவை. சோகை உள்ளவர்களுக்குச் சுவரொட்டி வாட்டித் தரும் நம் மூதாட்டியரின் வழக்கத்தில் பொருள் உண்டு. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கருவுற்ற பெண்கள் அதை அடிக்கடி உண்ணலாகாது. அளவு மீறிய வைட்டமின் ஏ கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யும்.

கோழி

கோழியின் கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் தோலுக்கடியிலும் உள்ளது. தோலை நீக்கினால் எளிய உணவு. கொங்கு நாட்டில், காவிரிக் கரையில், விசைத்தறிகள் ஒலிக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவலை அன்பர்கள் அறிவர். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பூண்டு, மஞ்சள், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை ஆகிய சிலவற்றைக் கொண்டு, மூடி போட்டு, கறியின் நீரிலேயே சிறுதீயில் வேகவிடும் முறை அது. எண்ணெயை மட்டும் குறைத்தால், நலத்துக்கும் நாவுக்கும் ஒருங்கே உகந்த சமையல் ஆகும்.

கோழியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எங்கும் உள்ளது. குழாயடியில் நெடுநேரம் கழுவினால் கிருமி போய்விடும் என்று கருதுகிறோம். பச்சைக் கோழிக்கறியில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருத்தல் கூடும். ஓடும் நீரில் கழுவும்போது அவை துளித்துளியாகத் தெறித்து, பக்கத்திலிருக்கும் கொத்துமல்லிக் கட்டிலும் தண்ணீர்க் குடத்திலும் படிகின்றன. கிருமியைக் கொல்வது நீரன்று, வெப்பமே. கழுவித்தான் ஆகவேண்டுமெனில், பாத்திரத்தில் நீர் ஊற்றி, மஞ்சளிட்டு, தெறிக்காமல் மெல்ல அலசி வெளியே கொட்டுக. பிறகு அரிவாள்மணையையும் பலகையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுக. கறி நறுக்கிய மணையில், கழுவாமல், வெங்காயமோ வெள்ளரியோ நறுக்கலாகாது.

கோழித்துண்டின் நடுப்பகுதியும் 74 டிகிரி வெப்பம் அடைந்தால் கிருமிகள் அழிந்தன என்று கொள்ளலாம். வெப்பமானி வீட்டில் இல்லாதோர் பெரிய தொடைத்துண்டைக் கீறிப் பார்க்க வேண்டும். எலும்பை ஒட்டிய சதை எளிதில் பிரிய வேண்டும். சதை பச்சையாக மினுங்குதல் கூடாது. வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். சிறிதேனும் ஐயம் எழுந்தால் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும்.

மீன்

விலையுயர்ந்த வஞ்சிரமே சிறந்த மீன் என்று பலரும் எண்ணுகின்றனர். உடல்நலத்தின் கணக்கு வேறு. மத்தி என்றும் சாளை என்றும் அழைக்கப்படும் மலிவான மீனில், இதயத்துக்கு நன்மை செய்யும் ஒமேகா-3 என்ற கொழுப்பு நிறைந்திருக்கிறது, கானாங்கெளுத்தியும் அத்தகையதே. நெத்திலியை முள்ளோடு உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. உள்நாட்டில் கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி ஆகியன கிடைக்கும்; அவையும் நல்ல புரதமே.

வாங்கும்போது கண் தெளிந்து துருத்தியிருத்தல், செவுள் சிவந்திருத்தல், விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழுதல் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் அவற்றில் ஒருவகை நச்சுப்பொருள் உண்டாகிறது. முகம் சிவந்து, தலைவலித்து, உடல் தடிப்பது அதனால்தான். எவ்வளவு கொதித்தாலும் அந்நச்சு அழிவதில்லை. கெட்ட மீனைப் புளியும் மிளகாயும் திருத்த மாட்டா.

மீனுக்கு நெடுநேர வேக்காடு வேண்டுவதில்லை. குழம்பு நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை போன பின் துண்டங்களை இட்டு, மூடி, துண்டின் கனத்துக்கேற்ப எட்டு முதல் பத்து நிமிடம் விட்டால் போதும். சதை கண்ணாடித்தன்மை நீங்கி வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்தது என்று அறிக. பொரித்தால்தான் குழந்தைகள் உண்பர் என்னும் வீட்டில், மசாலா தடவிய மீனை வாழையிலையில் மடித்து, தோசைக்கல்லில் மூடிபோட்டு வாட்டலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். இட்டிலிக் கொப்பரையில் ஆவியில் வேகவைப்பதும் நன்று.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் எழுந்த வழக்கம் அது. ஆயின் சுறா பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன். ஆதலால் கடலில் கலந்த பாதரசம் அதன் உடலில் மிகுதியாகச் சேர்கிறது. பாதரசம் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தீமை. கருவுற்றவர்க்கும் பாலூட்டும் தாய்க்கும் சுறாவை விலக்கி, மத்தியும் நெத்திலியும் தருவதே அறிவுடைமை. புட்டு வேண்டுமெனில் வேக வைத்து உதிர்த்த மத்தியிலும் புட்டுச் செய்யலாம்.

கருவாட்டில் புரதம் செறிந்துள்ளது, உப்பும் அவ்வாறே. வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்றி, பின்பு குழம்புக்கு உப்பிடாமல் சமைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தக்கது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவேயாகும். சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பொரித்தலும் சுடுதலும்

எண்ணெயில் மூழ்கப் பொரித்தல் அறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. திருநாளுக்கு உரியதை வாரந்தோறும் செய்ய வேண்டாம் என்கிறோம். பெருந்தீங்கு விளைப்பது பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது. கறுத்து, நுரைத்து, புகைவிடும் எண்ணெயில் தீய பொருள்கள் சேர்ந்துவிட்டன. அவை நூற்றில் 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைக் கடைகளும் உணவகங்களும் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை; ஆதலின் சிறிய வாணலியில் சிறிதளவு எண்ணெய் விட்டுப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குச் செலவிடுவதே தக்கது.

நெருப்பில் நேராகச் சுட்டுக் கருகவிட்ட இறைச்சியில் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடிய பொருள்கள் உண்டாகின்றன. சுட விரும்புவோர், எலுமிச்சைச் சாறு, தயிர், இஞ்சி, பூண்டு, மஞ்சள் தடவி ஊறவைத்துச் சுட்டால் அப்பொருள்கள் குறையும். தணலில் இறக்கிச் சுடுக. கொழுப்பு சொட்டிப் புகை எழாமல் பார்த்துக்கொள்க. கருகிய பகுதியை வெட்டி எறிக. உப்பும் மருந்தும் இட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைவிக்கும் என்றும், ஆட்டிறைச்சி உள்ளிட்ட செந்நிற இறைச்சி விளைவிக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் அறிவித்தது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை சமைத்த செந்நிற இறைச்சியோடு நிறுத்திக்கொள்வதே அறிஞர் கூறும் வரம்பு. அரைக் கிலோவை ஐவர் பகிரும் நம் வீடுகள் அவ்வரம்புக்கு மிகவும் உட்பட்டே உள்ளன.

மிஞ்சிய குழம்பு

நேற்று வைத்த மீன்குழம்பின் சுவையை நாம் மறுக்கவில்லை. இரவெல்லாம் அது எங்கே இருந்தது என்பதே கேள்வி. கிருமிகள் 5 முதல் 60 டிகிரி வரை வெப்பமுள்ள இடத்தில் பெருகுகின்றன. நம் ஊரின் கோடை இரவு அவற்றுக்கு உகந்த தொட்டில். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவ்வசதி இல்லாதவர் அன்றைக்கு வேண்டிய அளவே சமைத்து அன்றே முடிப்பது நலம். மறுநாள் எடுத்ததை நன்கு கொதிக்கவிட்டு, ஒரே முறையில் தீர்த்துவிடுக.

கோயில் கிடா விருந்துகளிலும் காதுகுத்து விழாக்களிலும் பெரிய அண்டாவில் கறி வெந்து, இரவு முழுதும் அப்படியே ஆறுவதைக் காண்கிறோம். கறியில் வாழும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாவதில்லை. அண்டா மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, மறுநாள் உண்டோரை வயிற்றுவலியில் வீழ்த்துகிறது. விருந்து நடத்துவோர் மிஞ்சியதை உடனே அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆற்ற வேண்டும். அல்லது அன்றே பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பங்கீடு

இதுகாறும் சமைக்கும் வழி சொன்னோம். இறுதியாகப் பரிமாறும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

சங்கத்தின் லாபத்தில் பங்கு பிரிக்கும்போது ஒரு பைசா குறைந்தாலும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வீட்டுச் சட்டியில் பங்கு பிரிக்கும்போது நடப்பது என்ன? முதற் பந்தியில் ஆடவர், அடுத்துப் பிள்ளைகள். சமைத்த பெண் கடைசியாக அமரும்போது சட்டியில் இருப்பது குழம்பும் இரண்டு எலும்புமே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று தெரிந்தது. பாதிக்கும் மேல்! பாவு போட்டும், தார் சுற்றியும், நாற்று நட்டும், வீட்டு வேலையும் செய்யும் பெண்ணின் மூச்சிரைப்பும் தலைசுற்றலும் விதியன்று. பெரும்பாலும் இரும்புக் குறைவே. இரும்பு மிகுந்த துண்டு, அதை மிகவும் வேண்டியவளின் இலைக்குத்தான் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

ஆகவே நாம் கூறும் வழி எளிது. குழம்பு இறக்கியவுடன், பந்திக்கு முன்பே, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கிண்ணங்களில் துண்டங்களைப் பிரித்து வைத்துவிடுக. பருவமெய்திய பெண், கருவுற்றவள், பாலூட்டுபவள் ஆகியோர் கிண்ணத்தில் ஈரலின் ஒரு துண்டோ கறியின் கூடுதல் துண்டோ இருக்கட்டும். கருவுற்றவளுக்கு மட்டும் ஈரலை விடுத்துக் கறியே தருக. உணவோடு எலுமிச்சை பிழிந்த வெங்காயமோ தக்காளியோ சேர்த்தால் கீரையின் இரும்பும் நன்றாகச் சேரும். தறியடியில் நமக்குத் தேநீர்ப் பழக்கம் மிகுதி. தேநீரும் காப்பியும் இரும்பைத் தடுப்பவை. ஆதலால் உணவுக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் அவற்றைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் அறிவுறுத்தியது. தலைசுற்றலும் களைப்பும் நீடித்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தயங்கலாகாது; உணவு மருந்துக்குத் துணையேயன்றி எல்லா நோய்க்கும் மாற்றாகாது.

எண்ணெயைக் குறைத்தலும், உப்பை அளத்தலும், நன்றாக வேகவைத்தலும், மூடிக் காத்தலும், சமமாகப் பகிர்தலும் ஆகிய ஐந்துக்கும் புதுச் செலவு ஒன்றும் இல்லை. ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது கூட்டுறவின் தாரக மந்திரம். அம்மந்திரம் சங்கக் கட்டடத்தில் மட்டும் ஒலித்தால் போதாது. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கறிச்சட்டியிலிருந்தே அது தொடங்கட்டும்.